உப்பக்காவின் மூக்கு

படகுத்துறையில் இருந்த பழைய தோல் கிடங்கை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று உப்பக்கா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். உச்சி குளிர்ந்து வந்த சிரிப்பு. முதல் கல் பெயர்வதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மறுநாளே தலையை வாரிக்கொண்டு துறைக்குப் போய், எதிரே இருந்த சுவரில் சாய்ந்து நின்றாள். அங்கே நடந்ததோ வேறு. சுற்றிலும் சாரம் கட்டி, பச்சை வலை போர்த்தி, பெரிய குழாயைப் பிடித்து அந்தக் கட்டடத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இடிக்கவில்லையாம். புதுப்பிக்கிறார்களாம்.

உப்பக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒரு வருஷம் முன்னாலேயே சிலபேர் வீடு வீடாக வந்து, பழமையான கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இது நம்ம ஊருக்கே பெருமை என்று ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் இவள் வாசலில் நின்று ஆரம்பித்தார். இவள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். ஆனால் மற்ற வீட்டுக் கதவுகள் திறந்துதான் இருந்தன போலிருக்கிறது.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது அழகுதான், இல்லையென்று யாரும் சொல்லப்போவதில்லை. நீளமான கற்கட்டடம், தண்ணீரைப் பார்த்து வளைவு வளைவாக ஜன்னல்கள், உச்சியில் எப்போதோ நின்றுபோன கடிகாரம். படம் வரைகிறவர்கள் எதிர்க்கரையில் உட்கார்ந்து மணிக்கணக்காக வரைவார்கள். எதிர்க்கரையில்தான் உட்காருவார்கள். இந்தக் கரைக்கு வந்தால் தூரிகையைப் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

உள்ளே வந்தது பச்சைத் தோல். அறுத்த மாட்டிலிருந்து உரித்த சூடு ஆறாமல், மயிரும் கொழுப்பும் வாலுமாக வண்டியில் வந்து தரையில் சொத்தென்று விழும். அதை விரித்து, சதைப் பக்கத்தை மேலே திருப்பி, உப்பை வாரி இறைத்துத் தேய்ப்பது பெண்களின் வேலை. இறைப்பதில் இவள் கை பரந்த கை என்று பெயரெடுத்ததால் துறை முழுக்க இவள் உப்பக்கா ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கூப்பிட்டிருக்க வேண்டியவன், மகள் தவழ ஆரம்பிக்கும் முன்பே கப்பலேறிப் போனவன், போன இடத்திலேயே சௌக்கியமாகத் தங்கிவிட்டான்.

உப்பு உருகி இரத்தத்தோடு கலந்து, தரையின் நடுவே வெட்டிய கால்வாய் வழியாகக் கடலுக்கு ஓடிவிடும் என்பது கட்டினவன் கணக்கு. ஓடாது. கொழுப்பும் மயிரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கம்பியால் குத்திவிட வேண்டும், கம்பிக்கு மசியவில்லையென்றால் கையை விட்டு இழுக்க வேண்டும். இழுத்தால் என்ன வரும் என்பதை உப்பக்கா சாப்பிட உட்கார்ந்த யாரிடமும் சொன்னதில்லை. உப்புப் படாத ஓரங்களில் புழு நெளியும். உடுப்பு என்பது சாக்கு, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டது. பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தோல் அடுக்குக்குப் பின்னால் ஒருத்தி ஒதுங்கினால் இன்னொருத்தி சாக்கைப் பிடித்து மறைத்து நிற்க வேண்டும். கை வெடிப்புக்குள் உப்பு ஏறி எரிகிறது என்று மேஸ்திரியிடம் முறையிட்டால், உப்புப் பட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்று வைத்தியம் சொல்வார். அவருடைய கை பூப்போல இருந்தது.

இவ்வளவையும் உப்பக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். பிறகு வந்தது அந்த வெள்ளைப் பொடி. தோலை வண்டு அரிக்காமலிருக்க அடுக்குக்கு அடுக்கு தூவச் சொன்னார்கள். தூவினால் மாவு போலப் பறந்து, மூச்சோடு உள்ளே போய் நெற்றிக்குள் நெருப்பு வைக்கும். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தூவினாள். ஒரு மழைக்காலத்தில் கிடங்குக்குள் நுழைந்தவள் அதிசயித்து நின்றாள். நாற்றமே இல்லை. மேஸ்திரிக்கு நல்ல புத்தி வந்து தரையை ஒழுங்காகக் கழுவச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்து, அவரைத் தேடிப் போய் நல்ல வார்த்தைகூடச் சொன்னாள். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். நாற்றம் எங்கேயும் போகவில்லை. போனது இவள் மூக்கு.

அது மகளை வைத்துத்தான் தெரிந்தது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சமயம். முந்தின நாள் வைத்த கறிச்சாற்றைச் சூடு பண்ணி ஊற்றிக் கொடுத்தாள் உப்பக்கா. பிள்ளை முகத்தைச் சுளித்து வேண்டாம் என்றது. அடம் பிடிக்கிறது என்று தொடையில் ஒன்று வைத்துக் குடிக்க வைத்தாள். அன்று சாயங்காலமே வாந்தியும் பேதியுமாகத் துவண்டுபோன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா மிச்சச் சாற்றைக் கொண்டுவரச் சொல்லி மூடியைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனாள். இந்த நாத்தங்கூடவா தெரியல உனக்கு என்று கேட்டாள். உப்பக்கா பாத்திரத்துக்குள் முகத்தையே விட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெந்நீர் ஆவி மாதிரி ஏதோ ஈரம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரே மூக்கு, மகளுடையது. பால் காய்ச்சினால் மகள் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கோப்பையில் விழும். மீன் வாங்கினால் மகளின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். கொடியில் கிடக்கும் துணி, மூடி வைத்த சோறு, எரிவாயு அடுப்பு எல்லாவற்றுக்கும் மகளின் தீர்ப்புதான். மகள் நல்லாயிருக்கு என்றால் நல்லாயிருக்கு, தூக்கிப் போடு என்றால் குப்பைக்குப் போயிற்று. அதற்கு மேல் ஒரு பேச்சு இந்த வீட்டில் கிடையாது.

தாயின் நாற்றத்துக்கும் மகளின் தீர்ப்புதான். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே, தொடாதே, குளித்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளையைத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் உப்பக்கா குளியலறைக்குப் போவாள். சோப்பைக் கரைத்து, செங்கல் தூள் போட்டுத் தேய்த்து, தோல் சிவந்து வெளியே வருவாள். மகள் மடியில் வந்து உட்கார்ந்து கழுத்தோரம் முகத்தை வைத்துவிட்டு, “அம்மா, இன்னும் நாறுது” என்று இறங்கிவிடும். உப்பக்கா எழுந்து போய் மறுபடி குளிப்பாள். கோபம் வந்ததேயில்லை. உலகத்தில் மற்றவர்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதுபோல் எழுந்து பின்பக்கம் போவார். இந்தப் பிள்ளை ஒன்றுதான் உள்ளதை உள்ளபடி சொல்கிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

அந்த நாற்றத்தில் மகளுக்கும் பங்கு கிடைக்காமல் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே அறை. தாயின் துணியும் மகளின் சீருடையும் ஒரே கொடியில்தான் காய்ந்தன. பள்ளியில் யாரும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. டீச்சரே நாசூக்காக அவளை ஜன்னலோரம் மாற்றினார். மகள் அதை வீட்டில் சொல்லவில்லை, வெகுகாலம் கழித்து வேறொரு சண்டையில் வாய்தவறி வந்தது.

பிறகு தொழில் நின்று, கிடங்கு பல வருஷம் மூடிக்கிடந்து, கூரையில் செடி முளைத்து, புறா அடைந்து, பிறகு இந்தக் குளிப்பாட்டல் நடந்தது. குளிப்பாட்டி முடிந்ததும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அப்போது இரண்டு மூன்று கடைகளில் மாறி மாறி நின்று கால் வலிதான் மிச்சம் என்றிருந்த மகள், உப்பக்காவிடம் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். வருகிறவர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டி விவரம் சொல்லும் வேலை. தற்காலிகம்தான், பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். உப்பக்கா ஒரு வாரம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் கடைசியில் ஒரு நாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த நாத்தத்தை நானும்தான் சுமந்தேன். அதுலேருந்து ஒரு நல்லதாவது எனக்கு வரட்டுமேம்மா.”

உப்பக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாள் மகளின் சீருடைக்கு இவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

திறப்பு விழாவுக்கு முன்னால் மகளின் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். இளவயது, பளபளவென்று ஷூ, உள்ளே சாக்ஸ் இல்லை. ஏன் இல்லை என்று உப்பக்காவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மனசுக்குள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள், சாக்ஸில்லாத் தம்பி. பழைய தொழிலாளி ஒருத்தர் விழாவுக்கு வந்து இரண்டு வார்த்தை சொன்னால் உயிரோட்டமாக இருக்கும் என்றார். உங்க மகளுக்கும் நல்லதுதானே என்று வாசலில் ஷூ மாட்டும்போது போகிறபோக்கில் சொன்னார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பக்கா வேண்டாவெறுப்பாகச் சரி என்றாள்.

போன இடத்தில் முதலில் கையில் ஒரு ஏப்ரனைக் கொடுத்தார்கள். சந்தன நிறம், மார்பில் சாக்குத் தையல் மாதிரி அலங்காரம். அந்தக் காலத் தொழிலாளர் உடை என்றார்கள். உப்பக்கா அதை விரித்துப் பார்த்துவிட்டு, மகள் பார்த்துக்கொண்டிருந்ததால் கட்டிக்கொண்டாள்.

உள்ளே போனால் கண்றாவி. தோல் தொங்கிய கொக்கிகளை மெருகேற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். அடுக்குகள் இருந்த இடத்தில் மேஜை போட்டு ஜோடி ஜோடியாகக் காபி குடித்தார்கள். உப்பக்காவும் மற்றவர்களும் சாக்கு மறைவில் ஒதுங்கிய மூலையில் மெத்தை போட்ட சோபா, அதில் ஒரு பெண்மணி குழந்தைக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மிஞ்சியது கால்வாய். அதன் மேல் கண்ணாடி பதித்து, அடியில் நீல விளக்குப் போட்டு, சுத்தமான தண்ணீரைச் சலசலவென்று ஓட விட்டிருந்தார்கள். சனங்கள் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார்கள். அதற்குள் முழங்கை வரை விட்டு இழுத்த கையை உப்பக்கா ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் துடைத்தாள். அன்றைக்கு அந்தச் சாக்கடையைப் பார்த்து இப்படிக் குமட்டியதில்லை.

வாசலருகே பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, தலையில் தொப்பியோடு ஒரு காவலாளி நின்றார். உற்றுப் பார்த்தால் பழைய தராசுக்காரர். கிடங்கில் தோலை எடைபோட்டவர், இப்போது கதவு திறந்துவிடுகிறார். இரண்டு பேரும் ஒருவர் உடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

“அண்ணே, அங்க என்ன எல்லாரும் வரிசையில நின்னு குனியறாங்க?” என்று உப்பக்கா கேட்டாள்.

அது வாசனைப் பெட்டி என்றார் தராசுக்காரர். கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் இந்தக் கிடங்கின் அந்தக் கால வாசனை வருமாம். வெளிநாட்டிலிருந்து ஆள் வைத்துத் தயாரித்ததாம்.

“நெசமாவே அந்த நாத்தமா?”

தராசுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பெரிய எடத்துக் குளியலறை மாதிரி இருக்கு உப்பக்கா. கொஞ்சம் பூ, கொஞ்சம் புது செருப்பு. நம்ம நாத்தத்த வெச்சா இவன் காபி விக்க முடியுமா?”

உப்பக்கா வரிசையைப் பார்த்தாள். குனிந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடி, ஆகா என்று நிமிர்ந்தார்கள். ஒரு கிழவர் கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. அவர் இந்தக் கிடங்குப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், வெள்ளைச் சட்டைக்காரர், அன்று கையெழுத்துக் கேட்டு வந்தவர். காறித் துப்பலாம் போல் வந்தது. தரை அவ்வளவு பளிங்காக இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

அதற்குள் சாக்ஸில்லாத் தம்பி வந்து அவளைப் பெட்டியருகே அழைத்துப்போனார். சுற்றிலும் காமிராக்கள், அழைத்து வந்த பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் சீருடையில் மகள். அம்மா, நீங்க உழைச்ச எடம், நீங்களே சொல்லுங்க, அதே வாசனைதானே என்று கேட்டு, அவர் கையாலேயே பொத்தானை அழுத்தினார்.

உப்பக்கா குனிந்தாள். முகத்தில் லேசாகக் காற்று வீசியது, அவ்வளவுதான். அவளுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. பொய்யும் சொல்ல வேண்டாம், மகளின் வேலையையும் கெடுக்க வேண்டாம், உள்ளதைச் சொன்னாலே தப்பிக்கலாம்.

“எனக்கு வாசனை தெரியாது தம்பி. மூக்கு இங்கயே போயிடுச்சு.”

கூட்டம் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தது. மேனேஜரின் முகம் விழுந்ததைப் பார்த்து, பாவம் என்று தோன்றிற்றோ, அத்தனை வருஷப் பழக்கமோ, வாய் தானாக அடுத்ததைச் சொல்லிவிட்டது.

“எம் பொண்ணுதான் என் மூக்கு. அவளக் கேளுங்க. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சொன்ன பிறகுதான் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள். அது வெளிறிப்போயிருந்தது. காமிராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சாக்ஸில்லாத் தம்பி கை நீட்டி மகளுக்கு வழிவிட்டார்.

மகள் வந்தாள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சின்ன வயது, ஞாபகமில்லை என்று நழுவியிருக்கலாம். கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது என்று பூசி மெழுகியிருந்தால்கூட உப்பக்கா ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள், பிழைப்பு அப்படி. மகள் குனிந்தாள், கண்ணை மூடினாள், மெல்ல நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு.

“அப்படியே எங்கம்மா வாசனை.”

ஐயோ என்று உருகினார்கள் சனங்கள். கைதட்டல் அந்தக் கற்சுவர்களில் மோதித் திரும்பியது. யாரோ ஒரு அம்மாள் மகளைக் கட்டிக்கொண்டாள். இதை அப்படியே வாசல் சுவரில் எழுதிவிடலாம் என்று பெரிய மனிதர் ஒருவர் சொன்னது உப்பக்காவின் காதில் விழுந்தது. மகள் தாயின் பக்கம் பார்க்கவில்லை. தராசுக்காரர் கதவைத் திறந்துவிடும்போது தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார். உப்பக்கா ஏப்ரனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அந்த மடியும் கழுத்தும்தான் ஞாபகம் வந்தது. இன்னும் நாறுது என்று முகத்தைச் சுளித்து இறங்கிப்போன பிள்ளை. அந்தச் சுளிப்பை நம்பி அவள் எவ்வளவு பால் குடித்திருக்கிறாள், எவ்வளவு சோறு சாப்பிட்டிருக்கிறாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மகள் கேக் பெட்டியோடு வந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது. சொல்லும்போது குரலில் சந்தோஷம் இருந்தது, ஆனால் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு அதைத் திறக்காமல் நின்றாள். உப்பக்கா நல்லது என்றாள். அது பொய்யில்லை. மகளுக்கு இனிமேல் மாதா மாதம் கவலையில்லை என்பதில் தாய்க்கு வேறு எப்படி இருக்கும்?

“ஒரு வார்த்தைதானேம்மா” என்றாள் மகள். “எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. வேற என்ன சொல்லியிருக்க முடியும்?”

உப்பக்கா அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் பால் பொங்கியிருந்தது. நேற்று வாங்கி மிச்சமிருந்த பால். இறக்கி, பழக்க தோஷத்தில் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து மகளின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். மகளும் பழக்கத்தில் குனிந்தாள். குனிந்த முகத்தைப் பார்த்ததும் உப்பக்காவுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்தது. பாத்திரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தொட்டிக்குப் போய் அவ்வளவு பாலையும் கொட்டிவிட்டாள்.

“நல்லாத்தான்மா இருந்துச்சு பாலு” என்றாள் மகள்.

“இருக்கும்” என்றாள் உப்பக்கா. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள். “மொத மூக்கு போனப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. இது போனதுதான் வலிக்குது.”